மூன்றாவது கொத்து

“நாளை முதல் பத்துப் பழம்! முடியாது என்றால் இப்போதே பொந்தைக் காலி செய்!”

உடும்பு மரத்தின் நடுவில் ஒட்டிக்கொண்டு, வாலால் பட்டையைப் பளார் பளார் என்று அடித்தது.

ஒரு காட்டில்தான் இது நடந்தது, பிள்ளைகளே. எந்தக் காடு என்று கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பொந்து இருக்கிற காடு, பொந்துக்கு வாடகை கேட்கிற காடு. அது போதும்.

“காலி செய்வதா? எப்படி உடும்பையா?” என்றது இருவாச்சி. தொண்டைப் பை நிறைய அத்திப்பழத்தோடு அப்போதுதான் அது கிளையில் வந்து உட்கார்ந்திருந்தது. “உள்ளே பொன்னலகி அடைபட்டிருக்கிறாள். அவளுக்கு இப்போது சிறகே இல்லையே!”

“சிறகு இல்லாவிட்டால் நடந்து வரட்டும். நான் நடக்கவில்லையா?”

இருவாச்சிக் குலத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. முட்டையிடும் காலம் வந்ததும் தாய்ப்பறவை ஒரு பொந்துக்குள் போய், வாசலைச் சேற்றால் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைய ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே இருக்கும்போதே இறகெல்லாம் உதிர்ந்து போகும். குஞ்சு ஓரளவு வளரும்வரை அதனால் பறக்கவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. ஆண் பறவை பழத்தோடு வந்து மரத்தில் இரண்டு தட்டுத் தட்டும். அந்தச் சத்தம் கேட்டதும் கீறல் வழியே அலகு நுனி வெளியே நீளும். ஊட்ட வேண்டியதுதான்.

“சட்டப்படி நாளுக்கு மூன்று பழம்தானே ஐயா?” என்றது இருவாச்சி. “ஒருநாள்கூட நான் தவறவிட்டதில்லை. பத்துக் கொடுத்தால் இவளுக்கு நான் எதை ஊட்டுவது?”

“சட்டமா?” உடும்பு பிளவுபட்ட நாக்கை நீட்டி இழுத்தது. “சாயங்காலம் சபை கூடுகிறது. கூடி முடிந்ததும் வா, நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து சட்டம் பேசலாம்!”

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனது. போகும்போது கீறலை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. உடும்புக்கு முட்டை என்றால் உயிர். வாடகை கிடைத்தால் வாடகை, கிடைக்காவிட்டால் முட்டை. அதற்கு இரண்டுமே லாபம்தான்.

பக்கத்து மரத்தில் புழு தேடிக்கொண்டிருந்த மரங்கொத்தி எல்லாவற்றையும் கேட்டது. அதன் சிவப்புக் கொண்டை சிலிர்த்துக்கொண்டது.

கோபம் வராதா பின்னே? அந்தப் பொந்தை முதலில் கொத்தியது மரங்கொத்தியின் பாட்டன். மழையும் காலமும் அதை அகலமாக்கின. உடும்பு ஒரு சிராய்கூட எடுத்துப் போட்டதில்லை. பெரிய சூறைக்காற்றில் காட்டில் பாதி மரம் சாய்ந்த அன்று, சாயாத மரங்களை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்து, “பிடித்தவனுக்கே மரம்” என்றது. உடும்புப் பிடியை யார் விடுவிக்க முடியும்? அன்றிலிருந்து அது மரத்துக்காரர்.

இன்னொன்று சொன்னால் உங்களுக்கே வயிறு எரியும். உடும்பு அத்திப்பழம் தின்னாது. வாடகைப் பழத்தை வாங்கிக் குவித்து அழுகவிடும். அழுகலில் மொய்க்கிற வண்டுகளைத்தான் தின்னும். குஞ்சுக்குப் போக வேண்டிய பழம், கண்ணெதிரே நாறிக்கொண்டு கிடக்கும்.

சூறைக்காற்றுக்குப் பிறகு பொந்துக்கு அடிதடி நடந்தபோது சபை ஒரு சட்டம் போட்டது. பொந்து ஒன்றுக்கு நாளுக்கு மூன்று பழத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதைக் கொடுத்துவரும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. சில ஆண்டு கழித்துச் சபை மறுபடி கூடி, இதைத் தொடரலாமா வேண்டாமா என்று பேச வேண்டும்.

பேசுகிற நாள்தான் இன்று.

“தம்பி, நீ சபையில் இருப்பாய் அல்லவா?” என்று மரங்கொத்தியிடம் கேட்டது இருவாச்சி.

“இருப்பேன் அண்ணே. அங்கே வேறு யாருக்கு மரத்தைக் கொத்தத் தெரியும்?”

சபைப் பாறைக்கு மேலே ஒரு பட்ட மரம் நின்றது. சபை எந்த முடிவு எடுத்தாலும் மரங்கொத்தி அந்த மரத்தில் மூன்று முறை கொத்த வேண்டும். காடு முழுக்கக் கேட்கும். மூன்று கொத்தும் விழுந்தால்தான் அது சட்டம். விழாதவரை பழையதே சட்டம். அப்படி ஒரு வழக்கம். மரங்கொத்தியும் எத்தனையோ சட்டத்துக்குக் கொத்தியிருக்கிறது. இது என்ன சட்டம், யாருக்கு நல்லது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கொத்து என்றார்கள், கொத்தியது.

சாயங்காலம் சபை கூடியது. தலைவர் யானை. உறுப்பினர்கள் நரி, மயில், காட்டெருமை. இந்த நால்வரில் ஒருவர்கூட ஒரு பொழுதாவது பொந்தில் படுத்தவர் இல்லை. யானையை எந்தப் பொந்து தாங்கும்?

யானை நல்லவர்தான். நல்லவராக இருந்தால் மட்டும் போதும் என்று நினைக்கிறவர்.

“மரத்துக்காரர் முதலில் பேசட்டும்,” என்றது நரி.

உடும்பு பாறையில் ஏறிக் கண்ணைக் கசக்கிக்கொண்டது. “தலைவரே! மரம் என்னுடையது. வெயிலில் காவல் காக்கிறேன், மழையில் காவல் காக்கிறேன். மூன்று பழத்தில் எனக்கு என்ன மிஞ்சும்? ஊரெல்லாம் விலை ஏறுகிறது, என் மரம் மட்டும் என்ன பாவம் செய்தது?”

“ஆமாம்,” என்றது காட்டெருமை, அசைபோட்டபடி.

“நான் ஒன்று சொல்கிறேன்,” என்று எழுந்தது நரி. “இந்தக் கட்டுப்பாடு இருக்கிறவரை யார் புதுப் பொந்து போடுவார்கள்? பொந்துப் பஞ்சம்தான் வரும். கட்டுப்பாட்டை எடுத்துப் பாருங்கள், மரத்துக்கு மரம் பொந்து முளைக்கும்! நான் குடியிருப்பவர்களின் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.”

நரி ஆற்றங்கரையில் நான்கு வளைகளை வாடகைக்கு விட்டிருந்தது. அதை மட்டும் அது சொல்லவில்லை.

மேலே இருந்த மரங்கொத்திக்குப் பொறுக்கவில்லை. “பொந்து என்ன காளானா, தானாக முளைக்க? நான் கொத்தணும்! இத்தனை நாள் வாங்கிய வாடகையில் ஒரு பழத்தோல்கூட என் பக்கம் வந்ததில்லை. நாளுக்கு நூறு பழம் வாங்கினாலும் உடும்பு ஒரு பொந்து கொத்தப் போவதில்லை!”

“கொத்துவது உன் வேலை, பேசுவது எங்கள் வேலை,” என்றது நரி. “வாயை மூடு.”

“எனக்கும் ஒரு கருத்து உண்டு,” என்று தோகையைச் சிலுப்பியது மயில். “பொந்து வாசலெல்லாம் சேறும் எச்சமும். கண்கொண்டு பார்க்க முடியவில்லை. வாடகை ஏறினால் தரமானவர்கள் குடிவருவார்கள்.”

“தரமானவர்கள் என்றால்?” என்று கேட்டது யானை.

“என்னைப் போல.”

“நீங்கள் பொந்தில் குடியிருப்பீர்களா?”

“சீச்சீ! தோகை மடங்கிப் போகுமே!”

“ஆமாம்,” என்றது காட்டெருமை.

இருவாச்சி பாறைக்குப் பறந்து வந்தது. “தலைவரே, எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. பத்துப் பழம் கொடுத்தால் என் மனைவி பட்டினி. கொடுக்காவிட்டால் வாசலை உடைப்பார்கள். வெளியே விழுந்தால் அவளால் பறக்க முடியாது. முட்டைகளும் போய்விடும். எங்களுக்கு வேறு பொந்து இல்லை.”

யானையின் காது விசிறுவது நின்றது. “அது நியாயம்தானே...” என்று இழுத்தது.

நரி குறுக்கே வந்தது. “ஒரு நிமிடம் தலைவரே. சபை வழக்கம் என்ன? குடியிருப்பவர் நேரில் வந்து, பாறையில் நின்று, தம் வாயால் ஆட்சேபம் சொல்ல வேண்டும். இருவாச்சியாரே, பொந்துக்குள் குடியிருப்பது நீங்களா?”

“நான் வெளியே கிளையில்தான். உள்ளே இருப்பது பொன்னலகி.”

“அப்படியானால் நீங்கள் குடியிருப்பவர் இல்லை. பொன்னலகியை வரச் சொல்லுங்கள்.”

“அவள் எப்படி ஐயா வருவாள்? அடைபட்டல்லவா இருக்கிறாள்!”

“அது அவர் இஷ்டம். நாங்களா சேறு பூசினோம்?” நரி சுற்றுமுற்றும் பார்த்தது. “வேறு யாராவது வந்திருக்கிறார்களா? கிளி? மைனா? அணில்? யாருமே இல்லையே! வராதவர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்றுதானே பொருள்?”

மரங்கொத்திக்கு அப்போதுதான் உறைத்தது. சபை எப்போதும் மழைக்காலம் முடிந்த கையோடு கூடும். இந்த முறை நரி நல்ல கோடையில் கூட்டியிருந்தது. கிளியும் மைனாவும் அணிலும் குஞ்சும் குட்டியுமாகப் பொந்தை விட்டு நகர முடியாத காலம். பொன்னலகி அடைபட்டுக் கிடக்கிற காலம். தேடிப் பிடித்து இந்த நாளை வைத்திருக்கிறது! திருட்டுப் பயல்!

“அடைகாக்கிற நேரம் பார்த்துக் கூட்டம் போட்டுவிட்டு, வரவில்லை என்கிறீர்களே, வெட்கமாக இல்லை?” என்று கத்தியது மரங்கொத்தி.

“உனக்கு இங்கே பேச்சு இல்லை என்று ஒருமுறை சொன்னேன்,” என்ற நரி, குரலைத் தேனாக்கிக்கொண்டு யானையின் பக்கம் திரும்பியது. “தலைவரே, வெயில் சாய்கிறது. ஆற்றுத் தண்ணீர் இப்போது நல்ல பதமாக இருக்கும். உங்கள் குளியலுக்கு நேரமாகிறதே?”

யானை ஆற்றுப் பக்கம் பார்த்தது. இருவாச்சியைப் பார்த்தது. மறுபடி ஆற்றுப் பக்கம் பார்த்தது.

“சரி சரி. சீக்கிரம் முடியுங்கள்.”

முடிந்தது. கட்டுப்பாடு வேண்டாம் என்று நரி கை தூக்கியது, மயில் கழுத்தைத் தூக்கியது, காட்டெருமை “ஆமாம்” என்றது. யானை துதிக்கையை ஆட்டியது. ஒரு குடும்பத்தின் கூரையைப் பிடுங்க ஒரு வாய்ப் புல் மெல்லும் நேரம்கூட ஆகவில்லை.

இருவாச்சி பாறையிலேயே நின்றது. தொண்டைப் பையில் இன்னும் பழம் இருந்தது. அதை உடும்புக்குக் கொடுப்பதா, பொன்னலகிக்குக் கொடுப்பதா என்று அதற்கே தெரியவில்லை.

“மரங்கொத்தி! மூன்று கொத்து!” என்று ஆணையிட்டது யானை.

மரங்கொத்தியின் அலகு பழக்கத்தில் தானாகப் பின்னால் போனது.

டொக்!

காடு முழுக்க எதிரொலித்தது.

டொக்!

சபைப் பாறைக்கு எதிரில்தான் பொன்னலகியின் மரம். அங்கே சேற்று வாசலில், கீறல் வழியே மஞ்சளாக ஒன்று அசைந்தது.

பொன்னலகியின் அலகு நுனி.

இரண்டு தட்டுக் கேட்டதல்லவா? கணவன் பழத்தோடு வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டது பாவம். தன் வீட்டைப் பறிக்கிற சத்தம் என்று அதற்கு எப்படித் தெரியும்? அலகைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊட்டுவதற்காகக் காத்திருந்தது.

மரங்கொத்தி அதைப் பார்த்தது. இருவாச்சியும் பார்த்தது, பார்த்த வேகத்தில் பாறையிலிருந்து எழும்பிப் பறந்தது. யானையும் பார்த்தது. பார்க்காததுபோல் காதை விசிறிக்கொண்டது.

“என்ன நிறுத்திவிட்டாய்? மூன்றாவது கொத்து!” என்றது நரி.

மரங்கொத்தி அலகை மரத்திலிருந்து எடுத்தது. “நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும் என்றீர்களே. அதோ வாய். போய்க் கேளுங்கள், சம்மதமா என்று.”

“அது பசிக்கு வாய் திறக்கிறது! ஆட்சேபம் சொல்லவில்லை!”

“பசிதான் ஐயா ஆட்சேபம். வேறு என்ன வேண்டும் உங்களுக்கு?”

உடும்பு பட்ட மரத்தின் அடிக்கு ஓடி வந்தது. “தம்பி, கோபப்படாதே! பத்தில் இரண்டு பழம் உனக்கு. சரியா?”

“எனக்குப் பழம் எதற்கு? நான் புழு தின்கிறவன். உங்களுக்கும்தான் பழம் எதற்கு?”

“கொத்தாவிட்டால் சபை வேலை போய்விடும், தெரியுமா?” என்று பல்லைக் கடித்தது நரி.

“போகட்டும்! வேறு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.”

“மயிலாரே, நீங்கள் கொத்துங்கள்!”

மயில் கிளைக்குத் தாவி, மரத்தை ஒரு கொத்துக் கொத்தியது. பக்கத்தில் நின்ற காட்டெருமைக்கே அது கேட்கவில்லை. அலகு வலித்து மயில் அகவியதுதான் காடு முழுக்கக் கேட்டது. அகவலைச் சட்டமாக ஏற்க வழக்கம் இல்லை.

எதிர் மரத்தில் இருவாச்சி ஒவ்வொரு பழமாகக் கீறலுக்குள் ஊட்டிக்கொண்டிருந்தது.

யானைக்குக் கோபம் வந்துவிட்டது. காலால் தரையை ஓங்கி மிதித்தது. “நான் தலைவர் சொல்கிறேன்! கொத்து!”

பட்ட மரம் அதிர்ந்தது. மரங்கொத்தி நகங்களால் இறுகப் பற்றிக்கொண்டது. பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தது. கொத்து, கொத்து என்று சபை முழுவதும் சொன்னது.

அது கொத்தவில்லை.

நீதி: வர முடியாதவரின் மௌனம் சம்மதம் ஆகாது, தெரிந்தே அநியாயத்துக்குத் துணை போகிறவனும் அநியாயக்காரனே.