முதலாளி பக்கத்துத் தகரம்

சங்ககிரி லாரி முதலாளி குழந்தைவேலுவுக்குத் தன் அப்பா காலத்து லாரியைக் கண்காட்சியில் நிறுத்தி ஊரை வாய்பிளக்க வைக்க ஆசை. சிநேகிதர்கள் புடைசூழப் பட்டறைக்கு வந்தவர், கதவுகளுக்கு மேலே மழைத்தண்ணீரை ஒதுக்கிவிடுகிற தகர விளிம்பைத் தட்டிக் காட்டினார்.

"இதை வெட்டி எறிங்கப்பா. மொழுமொழுன்னு இருக்கோணும்."

டிரைவர் அங்கப்பனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மழை பேஞ்சா கதவிடுக்குல தண்ணி உள்ளே வந்துருமுங்க."

"விரல் அகலத் தகரமாடா மழையைத் தடுக்குது? ஒரு சொட்டு வராது. ஸ்டீரிங் பிடிக்கிறவன் அதோட நில்லு!"

சிநேகிதர்கள் சிரித்தார்கள். அங்கப்பன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"தப்புத்தானுங்க. ஆனா நாளைக்கே கண்காட்சி. வெட்டிப் பெயிண்ட் அடிச்சுக் காய ஒரு பக்கத்துக்குத்தான் நேரமிருக்குதுங்க. சனம் நிக்கப்போறது இடது பக்கம். நீங்க உட்கார்ற பக்கத்தையே வெட்டச் சொல்லிறட்டுங்களா?"

முதலாளி பதறிப்போனார். "என் பக்கமா? வழியில மழை வந்தா என் பட்டுச்சட்டை என்னாகிறது? உன் பக்கத்தை வெட்டுடா!"

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது.

"ஒரு சொட்டும் வராதுன்னீங்களே, அது என் பக்கத்துக்கு மட்டுமுங்களா?" என்றான் அங்கப்பன்.

இப்போது சிநேகிதர்கள் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

தகரம் இரண்டு பக்கமும் தப்பியது. அங்கப்பன் தப்பவில்லை, முதலாளி அங்கேயே சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. புது டிரைவர் ஒரு சொட்டு நனையாமல் லாரியை ஓட்டிப்போனான். வேலை தேடிப் புறப்பட்ட அங்கப்பன் ரோட்டோரம் நனைந்துகொண்டே அதற்கு வழிவிட்டான்.