மோட்டாருக்கு வார்த்த நல்லெண்ணெய்

தும்பைக்கோட்டையை வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. ஆனால் அங்கே ஒரு ராஜா இருந்தார். ராஜாவிடம் ஒரு மோட்டார் கார் இருந்தது. அந்தக் கார் போகிற தெருவெல்லாம் வடை சுடுகிற வாசனை வந்தது. ஏன் வந்தது என்பதுதான் கதை.

கார் வந்து இறங்கிய அன்று கம்பெனிக்காரன் ஒரு தாளையும் கொடுத்துவிட்டுப் போனான். எஞ்சினுக்கு நல்ல எண்ணெய் ஊற்ற வேண்டும், காற்றில் உள்ள கருப்பு, அதாவது தூசியும் புகையும், உள்ளே அண்டாமல் வடிகட்டியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ராஜா கேசரிவர்மருக்குத் தாளில் நம்பிக்கை கிடையாது. எதுவானாலும் செப்பேட்டில் இருக்க வேண்டும் அவருக்கு. பொறித்துத் தரும் வேலை அவைப்புலவர் ஏகாம்பரத்திடம் போயிற்று. இரண்டு சொற்கள் தனித்தனியாக நிற்பதைப் பார்த்தால் புலவருக்குப் பொறுக்காது, உடனே சேர்த்து வைத்துவிடுவார். அவர் ஒரே வரியாகச் சுருக்கிப் பொறித்தார்:

'நல்லெண்ணெய் வார்க்க; காற்றுக்கருப்பு அண்டாமற் காக்க.'

தாளை மூக்குப்பொடி மடிக்க எடுத்துக்கொண்டார்.

ராஜா படித்துப் பூரித்துப்போனார். சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவர் அவர். சீமையிலிருந்து வந்த காருக்கும் நம் பழக்கமே இருக்கிறதே என்று செக்கிலிருந்து நாலு படி வரவழைத்து எஞ்சினுக்குள் ஊற்றச் சொன்னார். காற்றுக்கருப்பு என்றால் பேய் பிசாசு என்றும் அவரே முடிவு செய்தார். வடிகட்டி இருந்த தகர டப்பாவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வேப்பிலையும் தாயத்தும் கட்டச் சொன்னார். "சரிதானே, புலவரே?" என்று கேட்டார். புலவர் தலையாட்டினார். ராஜா சொன்ன பிறகு ஆட்டாமல் இருக்க அவருக்கென்ன பைத்தியமா?

டிரைவர் தாவீது மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தான். செப்பேட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்று அவன் வாயை அடைத்துவிட்டார்கள்.

பத்து நாளில் கார் வடை வாசனையோடு புகையைக் கக்கியது. நின்ற இடத்திலெல்லாம் ஜனங்கள் ஓடிவந்து இரண்டு வடை, கொஞ்சம் சட்னி என்று கேட்டார்கள். தாயத்தைச் சுற்றிக்கொண்டு செம்மண் புழுதி உள்ளே போனதில் கார் இருமவும் தொடங்கியது. அரண்மனை வைத்தியர் வந்து பார்த்து, திப்பிலிக் கஷாயம் கொடுக்கலாம் என்றார். ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வெள்ளிக்கிழமை பட்டாபிஷேக விழா ஊர்வலத்தில் கார் ஓடாவிட்டால், தாவீதின் கழுத்தில் நுகத்தடி பூட்டி அவனையே இழுக்க வைப்பேன் என்று உத்தரவு போட்டார்.

தாவீது நேராக விகடகவி ஆராவமுதனிடம் போய் அழுதேவிட்டான்.

"ஐயா, கழுத்து போனா போகட்டும். உள்ள எண்ணெய் பிசினாட்டம் ஆயிடுச்சு. இன்னும் ரெண்டு தடவ ஓட்டினா எஞ்சின் இறுகிடும். அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"எஞ்சின் எண்ணெய் இருக்கா?"

"கம்பெனிக்காரன் குடுத்த எண்ணெய் டின்னும், கழட்டின வடிகட்டி டப்பாவும் பத்திரமா வெச்சிருக்கேன். செப்பேடுதான் விட மாட்டேங்குது."

தன் கழுத்துக்கு முன்னால் எஞ்சினுக்காக அழுகிற ஆளைப் பார்த்ததும் ஆராவமுதனுக்கு மனம் இளகிவிட்டது. வியாழக்கிழமை காலை அவையில் எழுந்து நின்று, தனக்கு இலக்கணத்தில் ஒரு சந்தேகம் என்றான். புலவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரிடம் யாரும் சந்தேகம் கேட்டு வருஷக்கணக்காயிற்று.

"நல்லெண்ணெய். பிரித்துச் சொல்லுங்கள், புலவரே."

"நன்மை கூட்டல் எண்ணெய். பண்புத்தொகை."

"பொருள்?"

"நல்ல எண்ணெய். இதுகூடத் தெரியாதா?"

"இப்போது தெரிந்தது. காற்றுக்கருப்பு என்று நடுவில் ஒரு 'க்' போட்டிருக்கிறீர்களே. பேய் பிசாசைச் சொல்லும்போது காற்று கருப்பு என்றுதானே சொல்லுவோம்?"

புலவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது காற்றும் கருப்பும். உம்மைத்தொகை. அங்கே 'க்' வராது. நான் பொறித்தது காற்றில் உள்ள கருப்பு. இங்கே 'க்' வந்தே தீரும். என் எழுத்தில் பிழை கண்டுபிடிக்க இன்னும் ஒருவன் பிறக்கவில்லை."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ராஜா மெல்ல அவர் பக்கம் திரும்பினார்.

ஆராவமுதன் கைகூப்பினான். "மகாராஜா, செப்பேட்டில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். நீங்கள் சேர்த்துப் படித்தீர்கள், அவ்வளவுதான். பிரித்துப் படித்தால் நல்ல எண்ணெய் ஊற்று, காற்றில் இருக்கும் தூசியை வடிகட்டு என்று அதுவே சொல்கிறது."

"எஞ்சினுக்கு நல்லெண்ணெயைவிட நல்ல எண்ணெய் இருக்கிறதா என்ன?"

"எஞ்சின் எண்ணெய்தான், மகாராஜா. சந்தேகமிருந்தால் இந்தச் சனிக்கிழமை அதை உங்கள் தலையில் தேய்த்துப் பார்க்கலாம்."

ராஜா அவசரமாகத் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, டின்னைக் கொண்டுவரச் சொன்னார். தாவீது அன்று பகல் முழுக்க எஞ்சினைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி, வடிகட்டியைத் தட்டித் துடைத்து மாட்டினான். வெள்ளிக்கிழமை ஊர்வலத்தில் கார் சத்தமே இல்லாமல் போயிற்று. வடைக்குத் தட்டோடு நின்றவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். ராஜா தாவீதுக்குச் சரிகைத் தலைப்பாகை கட்டிவிட்டார். ஆராவமுதனைக் காரில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

நுகத்தடி சும்மா கிடந்தது. ராஜாவின் பார்வை அதன்மேல் போய், அங்கிருந்து புலவரின் கழுத்துக்குப் போயிற்று. புலவர் ஓடிவந்து காரின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா. எல்லாம் நல்லெண்ணத்தோடு செய்ததுதான்."

ராஜா ஆராவமுதனைப் பார்த்தார்.

"பாவம், விட்டுவிடுங்கள்" என்றான் ஆராவமுதன். "நல்லெண்ணம் என்றுதான் தொடங்கியிருக்கிறார். கடைசி இரண்டு எழுத்தில்தான் கொஞ்சம் வழுக்கிவிட்டது."