ஒரு மண்டல மௌனம்

நாற்பத்தெட்டு நாள் மௌன விரதம் வேண்டும் என்று குழந்தைவேலு வந்து நின்றார். மடத்துச் சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சாமிக்கு வயது முப்பத்தைந்துதான். சீடருக்கோ அறுபது. வாய் ஓயாமல் பேசுகிறவர் என்று மடம் முழுக்கப் பெயர் எடுத்த மனிதர், அவருக்கு மௌனமாம்.

"யார்கிட்ட பேசாம இருக்கணும்?" என்றார் சாமி.

"எல்லார்கிட்டயும்தான் சாமி."

"எல்லார்கிட்டயும்னா ரெண்டே நாள்ல ஓடி வந்துடுவீங்க. ஒருத்தர் பேரைச் சொல்லுங்க."

குழந்தைவேலுவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. கீரையைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"என் தங்கச்சி செங்கமலம்."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. போன வருஷம் அவருக்கு நடந்தது, மடத்தில் சொல்லிவைத்ததுபோல் குடலிறக்க ஆபரேஷன் இல்லை. பெருங்குடலில் புற்றுநோய். அப்புறம் மரபணுச் சோதனையும் எடுத்தார்கள். பரம்பரையாக வருவது என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. தங்கைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, குழாய் விட்டுப் பார்த்தால் முளையிலேயே எடுத்துவிடலாம், உடனே சொல்லுங்கள் என்று டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார்.

"சொல்ல வேண்டியதுதானே?"

"எங்கப்பாவும் இதுலதான் போனார் சாமி. மாரடைப்புன்னு ஊர்ல சொல்லிட்டோம். செங்கமலத்துக்கே தெரியாது. அவளைப் பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட, எங்க வீட்ல நோய்நொடியே கிடையாதுன்னு கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணினவன் நான்."

"தங்கச்சி கடைசியா எப்பப் பேசினாங்க?"

"நேத்து. வெளிக்குப் போனா ரத்தம் வருது அண்ணேன்னு சொன்னா. மூலமா இருக்கும், மோர் குடின்னு சொன்னேன். சீ, நானெல்லாம் ஒரு அண்ணன்."

சாமி கீரைத்தட்டை நகர்த்தி வைத்தார்.

"ரிப்போர்ட் வந்து எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம்."

"அப்ப உங்க விரதம் முடிஞ்சே பன்னிரண்டு நாளாயிடுச்சு. கூப்பிட்டுப் பேசுங்க."

குழந்தைவேலு போனைக் கையில் எடுத்தார்.

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் பேசுவேன்? வெட்கமா இருக்கு சாமி."

"வெட்கம் உங்களோடது. குடல் அவங்களோடது. கூப்பிடுங்க."