முப்பது தாதியரும் அழாத குழந்தையும்

கேளுங்கள் பெரியோரே, மடியில் பிள்ளை வைத்திருப்போர் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்கள். கடலோர நாடு ஒன்றை முன்னொரு காலத்தில் வெண்கோடன் என்ற அரசன் ஆண்டான்.

ஆண் குழந்தை பெற்ற மூன்றாம் நாள் அவன் அரசி இறந்துபோனாள். அரசன் வாய்விட்டு அழுதான். பாசம் வைத்ததால்தானே இந்த வலி, என் மகனுக்கு இது வரக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டான். தாதியர் முப்பது பேர். நாளுக்கு ஒருத்தி. இன்று வந்தவள் நாளை வரக் கூடாது. அரசனும் போய்ப் பார்க்க மாட்டான். பெரிய அறிவாளி, என்ன சொல்ல!

குழந்தைக்குப் பொன் தொட்டில் இருந்தது, பட்டு மெத்தை இருந்தது, வேளைக்குப் பால் இருந்தது. முதல் மாதம் அது வீறிட்டு அழுதது. இரண்டாம் மாதம் முனகியது. மூன்றாம் மாதம் சத்தமே இல்லை. "தங்கமான பிள்ளை" என்று அரண்மனை மெச்சியது. குடித்த பாலோ உடம்பில் ஒட்டவில்லை. வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார். நோய் எதுவும் இல்லை, ஆனால் பிழைக்காது என்றார்.

ஈரத்துணி எடுக்கத் தினமும் பின்வாசல் வழியாக வந்தவள் பூவாயி. துணி வெளுப்பவளை யாரும் ஒரு ஆளாகவே எண்ணவில்லை. அதனால் சட்டமும் அவளைத் தடுக்கவில்லை. நனைந்து கிடந்தும் அழாத பிள்ளையைப் பார்த்து அவள் தொட்டிலருகே குனிந்தாள்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப் போச்சா ராசா? நான் வந்துட்டேன் பாரு" என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும் சொன்னாள். பத்தாம் நாள் குழந்தை அவள் முகத்தையே பார்த்தது. இருபதாம் நாள் சிரித்தது, குடித்த பாலும் உடம்பில் ஒட்டத் தொடங்கியது. முப்பதாம் நாள் அவள் மூட்டையோடு வாசலைத் தாண்டியதும் ஓவென்று அழுதது.

சேதி அரசனுக்கு எட்டியது. "பேச்சு வராத பிள்ளைக்கு ஆள் தெரியுமா? சோதித்துப் பார்க்கிறேன். தெரியவில்லையென்றால் இவள் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது" என்றான்.

உடையை வைத்து அடையாளம் காணாதபடி பூவாயிக்கும் பட்டு உடுத்தி, நகை பூட்டி, முப்பது தாதியரோடு சபையில் நிறுத்தினார்கள். ஒவ்வொருத்தியும் "வா கண்ணே" என்று கை நீட்டினாள். குழந்தை அசையவில்லை. கடைசியாகப் பூவாயியின் முறை வந்தது. "வந்துட்டேன் பாரு" என்று மெல்லச் சொன்னாள்.

குழந்தை உடம்பெல்லாம் துள்ள அவள் பக்கம் சாய்ந்தது.

பல் முளைக்காத ஓர் உயிர், இத்தனை பெரிய உலகத்தில் தனக்கென்று ஒருத்தியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறதே! இப்போது சொல்லும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

"பால் கொடுத்தவர்கள் இவர்கள். நீ என்ன கொடுத்தாய்?" என்று கேட்டான் அரசன்.

"ஒண்ணும் கொடுக்கலை மகாராசா. நேத்து வந்தவதான் இன்னிக்கும் வந்தேன். கூப்பிட்டா வர ஆள் இருக்குன்னு தெரிஞ்சாத்தானே பிள்ளைக்கு இங்க இருக்கணும்னு தோணும்?"

அரசன் எழுந்து வந்து மகனைத் தொடக் கை நீட்டினான். குழந்தை மிரண்டு பூவாயியின் தோளில் முகம் புதைத்தது. அவன் முகம் சுருங்கிவிட்டது.

"நாளைக்கும் வாங்க மகாராசா" என்றாள் பூவாயி.

அன்றே சட்டம் ஒழிந்தது. அரசன் மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். மழை பெய்தாலும் வந்தான், பகைவர் ஓலை வந்திருந்தாலும் வந்தான். ஒருநாள் அவன் புறப்பட எழுந்தபோது, குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அரசி இறந்த பிறகு அன்றுதான் அரசன் மறுபடி அழுதான்.

பாலால் மட்டும் பிள்ளை பிழைப்பதில்லை, அழைக்கும்போதெல்லாம் வருகிற ஒருவரைப் பற்றிக்கொண்டே பிழைக்கிறது என்பதே இக்கதை சொல்லும் நீதி.