தரகர் கரையேற்றிய மூன்று நாய்கள்

ராஜா தும்மினால்கூட அது சட்டமாக இருந்த காலம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வயிரவன் என்று ஒரு கல்யாணத் தரகர் இருந்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்களே, அவர் ஆயிரத்தோடு நிறுத்துகிற ஆள் இல்லை. வேலைக்கே போகாத மாப்பிள்ளையை, "வீட்டை விட்டு நகராத தங்கமான பிள்ளை" என்று தள்ளிவிட்டவர்.

ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளம். வைக்கோற்போர் மேல் மூன்று நாய்கள் மிதந்து போயின. வயிரவன் பரிசலைப் போட்டு மூன்றையும் கரையேற்றினார். பொய்யருக்கும் மனசு உண்டு, கேளுங்கள்.

அந்த நேரம் பார்த்து ராஜா தண்டோரா போட்டார்: வீட்டுக்கு ஒரு நாய்தான், தேரோட்டத்துக்குப் பிறகு மிஞ்சுகிற நாயெல்லாம் புலிக்காட்டுக்கு. வயிரவன் வீட்டிலோ ஏற்கெனவே ஒரு கிழட்டு நாய்.

விடுவாரா? தொழிலைக் காட்டினார். காது கேட்காத கருவாயனை ரொம்ப அமைதி என்றார். விருந்தாளியைக் கண்டால் பாய்கிற செவலையை எல்லோரோடும் பழகும் என்றார். யார் பேச்சும் கேட்காத மணியைச் சொன்ன சொல் தட்டாது என்றார். இப்படி மூன்றையும் மூன்று வீட்டில் தள்ளிவிட்டார். பொழுது சாய்வதற்குள் மூன்றும் திரும்பி வந்தன. பின்னாலேயே கம்போடு மூன்று பேர்.

அவர் பெண்டாட்டி நாச்சியம்மை வாசலில் நின்று சிரித்தாள். "உங்க பொய்யை நம்பிக் கழுத்தை நீட்டினவ, நான் மானத்துக்குப் பயந்து இருந்துட்டேன். நாய்க்கு என்னங்க மானம்? பிடிக்கலைன்னா வந்துடும்."

சுருக்கென்று பட்டது. மறுநாளிலிருந்து உள்ளதை உள்ளபடி சொன்னார்.

செவிட்டு நாய் என்றதும் ஒரு பாகவதர் ஓடி வந்தார். அவர் வாயைத் திறந்தால் ஊர் நாயெல்லாம் ஊளையிடும். கடைசிவரை எழுந்து போகாத ஒரே ரசிகனாகக் கருவாயன் அமைந்தது. மாதக்கணக்கில் தங்குகிற மைத்துனர்களோடு மல்லுக்கட்டிய செட்டியார் செவலையை வாரி அணைத்துக்கொண்டார்.

மணியை மட்டும் எவரும் சீந்தவில்லை. தேர் நாளும் வந்துவிட்டது. ராஜாவே எதிரில் வந்து நின்றார்.

"உட்கார்" என்றார் நாயிடம்.

மந்திரி உட்கார்ந்தார். சேனாதிபதி உட்கார்ந்தார். மணி நின்றது.

"சொன்ன பேச்சு கேட்குமா?"

வயிரவன் நாக்கு நுனியில் நூறு பொய் வரிசை கட்டியது. எல்லாவற்றையும் விழுங்கினார். "கேட்காது மகாராஜா. நீங்க சொன்னாலும் கேட்காது."

ராஜா கொஞ்ச நேரம் மணியைப் பார்த்தார். பிறகு புழுதியில் உட்கார்ந்திருந்த மந்திரியைப் பார்த்தார்.

"அரண்மனையில் அப்படி ஒன்றுகூட இல்லையே. கொண்டு வா."

மணி வர மறுத்தது. ராஜாதான் தூக்கிக்கொண்டு போனார்.

அதன்பின் வயிரவன் கல்யாணத்திலும் உண்மையே பேசினார். வரும்படி பாதியானது, கம்போடு ஆள் வருவதும் அடியோடு நின்றது.

குறையை மறைத்துக் கொடுத்தது வாசலுக்கே திரும்பி வரும், குறையைச் சொல்லிக் கொடுத்தது போன இடத்தில் நிலைக்கும்.