கமலவேணி கற்ற கடைசி வாக்கியம்

மன்னார்குடியில் பிலோமினா டீச்சர் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவந்தார். படிக்க வருபவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளோடு நாலு வார்த்தை பேசவேண்டும், அவ்வளவுதான் அவர்கள் ஆசை.

ஒரு நாள் காலை வைத்தியலிங்கம் வந்து நின்றார். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று பெயர். அவர் மனைவி கமலவேணி இதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். போன மாதம் இறந்துபோனாள்.

"பேத்திகிட்ட சொல்லணும் டீச்சர். இங்கிலாந்துல லீட்ஸ்ல இருக்கா, தமிழ் வராது. பரீட்சை நேரம்னு மறைச்சாச்சு. அவ அப்பா ஆபீஸ் வேலைன்னு சொல்லிட்டு வந்து காரியம் முடிச்சுட்டுப் போனதுகூட அவளுக்குத் தெரியாது. பரீட்சை முடிஞ்சு இன்னிக்கு சாயங்காலம் கூப்பிடுவா."

"என்ன சொல்லப்போறீங்க சார்?"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே மூச்சில் ஒரு நீண்ட ஆங்கில வாக்கியத்தை ஒப்பித்தார். பாட்டியின் மறைவு குறித்த தகவல், தவிர்க்க இயலாத காரணங்களால், உரிய காலத்தில் தெரிவிக்கப்படாமைக்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கப்படுகிறது என்பது அதன் சாரம். நீதிபதி கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கேட்டால் என்ன செய்யும், பாவம்.

"யார் வருத்தப்படறது?"

"அது... பொதுவா."

"பொதுவா யாரும் வருத்தப்படறதில்ல சார்."

வைத்தியலிங்கத்துக்குச் சுருக்கென்றது.

"வருத்தத்துக்கு நான் சொன்ன ரிக்ரெட் லேசான வார்த்தை இல்ல டீச்சர். பழைய பிரெஞ்சுல செத்தவங்களுக்காக அழறதுன்னு அர்த்தம். அகராதி பார்த்துத்தான் போட்டேன்."

"அழுதீங்களா?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். பந்தல், ஐயர், சாப்பாடு என்று அலைந்ததில் அழ எங்கே நேரம்? மனுஷன் கல்லு மாதிரி நின்னாரு என்று ஊரே மெச்சியது. அந்த மெச்சல் அப்போது அவருக்குப் பிடித்துமிருந்தது.

"சரி, சாரின்னு போட்டுடறேன்."

"அது எதுலேருந்து வந்தது?"

"புண்ணுங்கற வார்த்தையிலேருந்து."

"உங்க புண் எங்க இருக்கு சார்?"



கமலவேணியின் ஆங்கிலத்தை அவர் எத்தனை கேலி செய்திருப்பார்! 'ஐ மேட் தோசை. இட் வாஸ் பிளாக். தாத்தா ஏட் இட்' என்பாள். போனுக்குள் பேத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். இதெல்லாம் ஒரு இங்கிலீஷா என்று இவர் பேப்பரைப் புரட்டுவார்.

"கமலவேணி அம்மா கடைசியா வந்தன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க," என்றார் டீச்சர். "'ஐ ஆம் வெரி சிக். ஐ வான்ட் டு சீ யூ.' சொல்லிக்கொடுத்தேன். வெரியை எடுத்துடலாமா, புள்ள பயந்துடும்னாங்க. எடுத்துட்டோம். பேத்திகிட்ட சொன்னாங்களா?"

வைத்தியலிங்கத்தின் கை சட்டைப்பையைத் தொட்டது. போன் அங்கேதான் இருந்தது. ஆஸ்பத்திரியிலும் அங்கேதான் இருந்தது. பேத்தியோடு பேசணும் என்று கட்டிலிலிருந்து கமலவேணி கையை நீட்டினாள். 'பரீட்சை முடியட்டும் வேணி' என்று இவர் பையைக் கையால் மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. ஏதோ ஸ்லோகம் சொல்கிறாள் என்று நினைத்தார்.

"ஸ்லோகம்னு நெனச்சேன் டீச்சர்," என்றார். "பாடத்தைச் சொல்லிப் பார்த்திருக்கா. மறந்துடக்கூடாதுன்னு."

அப்புறம் அவரால் முடியவில்லை. குலுங்கிக் குலுங்கி அழுதார். அடுத்த வகுப்புக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். டீச்சர் அவர்களை உள்ளே கூப்பிடவும் இல்லை, இவரைத் தேற்றவும் இல்லை.

வெகுநேரம் கழித்து வைத்தியலிங்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முதலில் தமிழில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பாட்டி உன்னைக் கேட்டா. நான்தான் போனைக் கொடுக்கல. பிறகு, எழுதப் பழகும் பிள்ளையைப்போல, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார்.

"பாட்டி ஆஸ்க்டு ஃபார் யூ. ஐ டிட் நாட் கிவ் ஹர் தி போன்."

நிமிர்ந்து பார்த்தார்.

"சரியா இருக்கா டீச்சர்?"

"இதுல திருத்த ஒண்ணும் இல்ல சார்."