பத்தொன்பது இன்ச் சக்கரம்

கோயம்புத்தூரில் ஒரு குரு இருந்தார். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் ஜெசிந்தா. காருக்கு அலாய் சக்கரமும் டயரும் மாற்றித் தரும் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் டிராக்கில், வேகமான கார்களை வாங்கிவிட்டு ஓட்டத் தெரியாமல் முழிப்பவர்களுக்குப் பாடம் எடுப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

சீடர் குழந்தைவேலு, பம்பு செட்டு தயாரிக்கும் பட்டறையின் முதலாளி. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் குடியேறிய பிறகு, இரண்டே சீட்டு உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். கேட்ட கையோடு, ஒரு ரவுண்டு கூட்டிப்போகவும் சொன்னார்கள். அவர் யாரையும் ஏற்றவில்லை. லீவுக்கு வந்த மகனையே, "அது உங்கம்மா சீட்டு" என்று சொல்லி இறக்கிவிட்ட மனிதர் அவர்.

ஒரு சனிக்கிழமை அவர் கடைக்கு வந்து கேட்டார்.

"மாஸ்டர், பதினெட்டு இன்ச் போடலாமுங்களா, பத்தொம்பது போடலாமுங்களா?"

காரோடு வந்த சக்கரம் பதினேழு இன்ச்.

"யாருக்குங்ணா?" என்றார் மாஸ்டர்.

"வண்டிக்குத்தானுங்க."

"காப்பி குடிச்சுட்டுப் போங்க."

அவ்வளவுதான். வேறு பதில் வரவில்லை.

குழந்தைவேலு வாரம் முழுக்க யோசித்தார். போனில் சக்கரப் படங்களாகப் பார்த்து மண்டை காய்ந்துபோனார். அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார்.

"எனக்குத்தானுங்க மாஸ்டர். நான்தானே ஆசைப்படறேன்."

"காப்பி சூடா இருக்குது, பாத்துக் குடிங்ணா."

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பட்டறையில் அவர் ஒரு கேள்வி கேட்டால் நாலு பேர் ஓடிவந்து பதில் சொல்வார்கள். இங்கே காப்பி மட்டும் வருகிறது, அதிலும் சர்க்கரை தூக்கல். இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு போனார். அதற்கடுத்த சனிக்கிழமை, கடை திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நின்றார்.

"என்ற சம்சாரத்துக்குங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது.

மாஸ்டர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்து, எதிரே ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"சொல்லுங்ணா."

"வண்டி வாங்குன புதுசுல தமயந்தி எங்கூட வந்துட்டிருந்தா. கோயிலுக்கு, மார்க்கெட்டுக்கு, எங்க கூப்பிட்டாலும் வருவா. மூணு மாசம் முன்னாடி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்து வாசல்ல வச்சு என்ற மச்சான், 'மாமா, வண்டி ராஜாவாட்டம் இருக்குது, கால் மட்டும் கொசுக்காலா இருக்குது'ன்னான். அத்தனை பேரும் சிரிச்சுட்டாங்க. திரும்பி வரும்போது அவ எங்கூட வரல. அண்ணன் கார்ல வந்துக்கறேன்னுட்டா. அன்னையிலிருந்து ஏறவேயில்லீங்க. ஒரு நாள் தலைவலிங்கறா, ஒரு நாள் கீரை ஆயோணும்ங்கறா."

"வெக்கப்பட்டுட்டாங்கன்னு நினைக்கறீங்க."

"பின்ன என்னங்க? நாலு பேரு முன்னாடி சிரிச்சா அவளுக்கும் சங்கடம்தானே. சக்கரம் பெருசாயிட்டா, யாராவது சிரிக்க முடியுங்களா?"

சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. அந்த வண்டியை அவர் ரசித்து வாங்கியதே அந்த இடது சீட்டுக்காகத்தான். அது மூன்று மாதமாகக் காலியாக இருந்தது.

மாஸ்டர் எழுந்தார். மாதிரிக்கு வைத்திருந்த பத்தொன்பது இன்ச் சக்கரங்களை எடுத்துவரச் சொன்னார். ஒன்றைப் பழைய சக்கரத்தின் பக்கத்தில் நிறுத்தினார். டயரோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே உயரம்.

"இதென்னுங்க, ரெண்டும் ஒண்ணாட்டவே இருக்குது?"

"வெளிவட்டம் வளராதுங்ணா. வளந்தா பாடியில உரசும். உள்ள இருக்கற உலோகம் பெருசாச்சுன்னா, சுத்தி இருக்கற ரப்பர்தான் ஒல்லியாகோணும்."

பழைய டயரின் பக்கச் சுவர் நாலு விரல் அகலம் இருந்தது. புதியதில் மூன்று விரல் வைக்கவே இடம் போதவில்லை.

நான்கையும் மாட்டினார்கள். குழந்தைவேலு பத்தடி தள்ளிப்போய் நின்று பார்த்தார். கார் பாய்வதற்குப் பதுங்கியதுபோல இருந்தது. கல்யாணப் பெண்ணைப் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். சந்தேகமே இல்லை, பத்தொன்பதுதான் என்று மனசுக்குள் தீர்மானித்துவிட்டு, சாவியோடு வலதுபக்கக் கதவுக்குப் போனார்.

"சாவியைக் கொடுங்க" என்றார் மாஸ்டர். "நான் ஓட்டறேன். நீங்க அந்தப் பக்கம்."

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. தன் சொந்த வண்டியின் இடதுபக்கத்தில் அவர் ஒரு முறைகூட உட்கார்ந்ததில்லை.

மாஸ்டர் பொள்ளாச்சிப் பக்கம் வண்டியை விட்டார். அதே கல்யாண மண்டபத்துச் சாலை. அவர் ஓட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளவான வேகம்தான், வளைவுகளில் வழுக்கிக்கொண்டு போனது. ஆனால் முதல் வேகத்தடையிலேயே குழந்தைவேலுவின் முதுகுத்தண்டில் யாரோ சுத்தியலால் தட்டியது போலிருந்தது. அடுத்து ஒரு ஒட்டுப்போட்ட பள்ளம். பற்கள் இடித்துக்கொண்டன. பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங் இல்லை. கை தானாகப் போய்க் கதவின் கைப்பிடியைப் பற்றியது.

"ஐயோ! குழி வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா மாஸ்டர்?"

"எனக்குத் தெரிஞ்சுதுங்ணா. ஓட்டறவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சுரும். கை இறுகிக்கும், உடம்பு தயாராயிக்கும்."

அந்தச் சாலையை நல்ல சாலை என்றுதான் குழந்தைவேலு இத்தனை நாளும் நினைத்திருந்தார். இன்னொரு பள்ளம் வந்தது. கைப்பிடியை இறுக்கினார். அதன் அடிப்பக்கத்தில், மெத்தென்றிருந்த தோலில், விரல்களுக்கு ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தார்.

நகம் பதிந்த தடங்கள். சின்னச் சின்னப் பிறையாக, வரிசையாக, ஒன்றன்மேல் ஒன்றாக. ஒரே நாளில் பதிந்தவை அல்ல.

அந்தச் சீட்டில் ஒருத்தியைத் தவிர யாரும் பயணம் போனதில்லை.

"நிறுத்துங்க மாஸ்டர்" என்றார்.

புளியமரத்தடியில் வண்டி நின்றது. அவர் அந்தத் தடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

"அவளுக்கு இடுப்பு வலி உண்டுங்க" என்றார் கடைசியில். "ரெண்டாவது பிரசவத்துலயிருந்து. ராத்திரி தைலம் தேச்சுக்குவா. வீட்டு வேலையால வருதுன்னுதான் நினைச்சேன். அன்னைக்கு இருந்தது பதினேழு. அதுக்கே இப்படின்னா..."

மாஸ்டர் இன்ஜினை அணைத்தார்.

"ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"நான் கார் ரேலியில எட்டு வருஷம் நேவிகேட்டரா இருந்தேங்ணா" என்றார் மாஸ்டர். "ஓட்டறவருக்குப் பக்கத்துல உக்காந்துட்டு, வளைவு எங்க, மேடு எங்கன்னு படிச்சுச் சொல்ற வேலை. எங்க டிரைவர் ஓட்டும்போது பாட்டுப் பாடுவாரு. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. ஒரு தடவை எனக்கு விலா எலும்பு விரிசல். பந்தயம் முடியற வரைக்கும் நான் சொல்லல."

"ஏனுங்க?"

"பாட்டு நின்னுருமேன்னுதான்."

குழந்தைவேலு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் வண்டி ஓட்டும்போது பாடுவார், சுருதி சேராமல்.

கடைக்குத் திரும்பியதும் பழைய சக்கரங்களையே மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். தமயந்தி தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தாள்.

"கதவுக் கைப்பிடியைப் பாத்தேன் தமயந்தி" என்றார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. அடுப்பை அணைத்தாள்.

"தேச்சுப் பாத்தேனுங்க. தேங்காயெண்ணெய் வச்சுக்கூடத் தேச்சேன். போகல."

"என்னது?"

"புது வண்டி. நீங்க கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கறீங்க. நான் நகத்தால பாழ் பண்ணிப்போட்டேன். கல்யாணத்துக்குப் போன அன்னைக்குத்தான் ரொம்ப ஆயிருச்சு. இனியும் ஏறுனா இன்னும் கெட்டுப்போகுமேன்னுதான் ஏறல. கோவிச்சுக்காதீங்க."

பட்டறையே நடுங்கும் குரலுக்குச் சொந்தக்காரர் அவர். அந்தக் குரல் எங்கேயோ போய்விட்டது. சமையலறையில் நின்றபடியே அழுதார். தமயந்தி பயந்துபோய், வண்டிக்குத்தான் ஏதோ பெரிசாக ஆகிவிட்டது என்று நினைத்து, "இன்சூரன்ஸ் இருக்குதில்லீங்க?" என்று கேட்டாள். அவர் அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் டிராக்குக்குப் பாடத்துக்குப் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் கடையில் நின்றார்.

"மாஸ்டர், என்ற வண்டிக்கு, உள்ள இருக்கற பிரேக்ல இடிக்காம மாட்டக்கூடிய ஆகச் சின்ன சக்கரம் எது?"

இந்த முறை யாருக்கு என்று மாஸ்டர் கேட்கவில்லை.

"பதினாறு. டயர் நல்லா தடிமனா வரும்."

"அதையே போடுங்க."

சக்கரம் மாற்றி முடித்ததும் மாஸ்டர் கதவைத் திறந்து பார்த்தார். "இந்தக் கைப்பிடித் தோலையும் மாத்தித் தரட்டுங்களா? ஒரு மணி நேர வேலைதான்."

"வேண்டாமுங்க" என்றார் குழந்தைவேலு. "இருக்கட்டும்."

அந்த வாரம் முழுக்கத் தமயந்தியைக் கெஞ்சினார். அவள் அசைந்து கொடுக்கவில்லை. சனிக்கிழமை அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில்தான் அவள் ஏறினாள். கடை வரைக்கும் அவர் பாடவில்லை. "குழி வருது", "மேடு வருது", "இப்போ பிரேக் போடப்போறேன்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஓரக்கண்ணால் அவளுடைய இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அது மடியிலேயே இருந்தது.

"ஏனுங்க, இப்படிப் பேசிட்டே வர்றீங்க? பாட்டெல்லாம் கிடையாதா?" என்றாள் தமயந்தி.

கடை வாசலில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் இறங்கினார். மாஸ்டர் வெளியே வந்து, சீட்டில் இருந்த தமயந்திக்கு வணக்கம் சொன்னார்.

"அக்கா, எப்படி இருக்குதுங்க வண்டி?"

"மெத்தையாட்டம் இருக்குது கண்ணு. இவரு இனி பழனி வரைக்கும் போலாம்ங்கறாரு. போய்த்தான் பாக்கோணும்."

குழந்தைவேலு பழக்கதோஷத்தில் பத்தடி தள்ளிப்போய் நின்று காரைப் பார்த்தார். அகலமான சிவப்பு உடம்பு. அதன் கீழே கொழுத்த ரப்பருக்கு நடுவில், முன்னைவிடச் சின்னதாகச் சுருங்கிப்போன சக்கரங்கள். அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அடுத்த மாதம் மச்சான் வீட்டில் காதுகுத்து வருகிறது.

மாஸ்டரின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மனசுக்கு நிறைவாத்தானுங்க இருக்குது. ஆனா பாத்தா சிரிப்பாங்களே மாஸ்டர். எனக்கே ஒரு மாதிரி இருக்குது."

மாஸ்டர் காரைப் பார்த்தார். உள்ளே தமயந்தி கண்ணாடியை இறக்கிவிட்டு, அவர் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போய் உக்காருங்ணா" என்றார் மாஸ்டர். "அங்கிருந்து பாத்தா சக்கரம் தெரியாது."